வில்லுப்பாட்டு, சர்ச் பாடகர் குழு, கச்சேரி: ஒலிப்பதிவுக்கு லேப்டாப் வாங்கும் முன் எந்த 'போர்ட்'டைப் பார்க்க வேண்டும்?

கோயில் கொடை ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். அன்றைக்குப் பாடிய வில்லுப்பாட்டை 'கேபிள் சரியில்லை, இன்னொரு தடவை பாடுங்க' என்று கேட்க முடியாது. பாடுபவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தால், அடுத்த ஆண்டும் அதே குரல் கிடைக்குமா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அந்த இரவில் லேப்டாப்பும் மிக்சரும் ஒன்றை ஒன்று அடையாளம் காணவில்லை என்றால் இழப்பு பெரிது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை சுற்றுவட்டாரத்தில் மைக்செட் தொழில் செய்பவர்கள், வீட்டில் ஓர் அறையை ஸ்டுடியோ ஆக்கியவர்கள், சர்ச் பாடகர் குழுவின் பாடல்களைப் பதிவு செய்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு: 'எந்த லேப்டாப் வாங்கலாம்?' கடையில் கேட்டால் பதில் பெரும்பாலும் பிராசசர், ரேம், கிராபிக்ஸ் கார்டு என்றே வரும். ஒலிப்பதிவில் முதலில் பார்க்க வேண்டியது லேப்டாப்பின் ஓரத்தில் இருக்கும் இணைப்புத் துளைகளைத்தான். அதை எப்படிப் பார்ப்பது என்று இந்தக் கட்டுரை விளக்குகிறது.

எல்லையோரத்தின் இசை

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் இடையே விழுந்தது. ஆனால் பாட்டு எல்லை பார்க்கவில்லை. வில்லுப்பாட்டு இரு பக்கமும் பாடப்படுகிறது. தமிழும் மலையாளமும் கலந்து வரும் தெக்கன் பாட்டுகளும் இந்த மண்ணுக்கு உரியவை.

கர்நாடக இசையிலும் இந்த ஊர்ப் பெயர்கள் பிரபலம். பாறசாலை பொன்னம்மாள் 2006-இல் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண் என்ற இடத்தைப் பெற்றார். 2017-இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 2021-இல் காலமானார். நெய்யாற்றின்கரை வாசுதேவனும் இதே வட்டாரத்தின் பெயரை மேடைகளில் சுமந்தவர். இப்படிப்பட்ட ஊரில் பதிவு செய்ய விஷயத்துக்குப் பஞ்சமில்லை. கருவிகள்தான் சரியாகப் பொருந்த வேண்டும்.

முதல் கேள்வி: ஒரே நேரத்தில் எத்தனை மைக்?

லேப்டாப்பைப் பார்க்கும் முன் ஒரு தாளை எடுத்து எண்ணுங்கள். உதாரணத்துக்கு ஒரு வில்லுப்பாட்டுக் குழு. தலைமைப் பாடகருக்கு 1, வில்லுக்கு 1, குடத்துக்கு 1, உடுக்கைக்கு 1, தாளத்துக்கும் கட்டைக்கும் சேர்த்து 1, பின்பாட்டுக்கு 2, கூட்டத்தின் ஒலிக்கு 1. மொத்தம் 8 சேனல்.

வீட்டில் தனியாகப் பாடி, மேலே கீபோர்டு சேர்ப்பவருக்கு 2 சேனல் போதும். கர்நாடகக் கச்சேரிக்குப் பாட்டு, வயலின், மிருதங்கத்தின் இரண்டு பக்கம், தம்புரா, கடம் என 6 முதல் 8 சேனல். செண்டை மேளத்துடன் கூடிய திருவிழா மேடை என்றால் 16-ஐத் தாண்டும்.

இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் ஆடியோ இன்டர்ஃபேஸ் அல்லது டிஜிட்டல் மிக்சரைத் தேர்வு செய்ய வேண்டும். அந்தப் பெட்டியை வைத்துத்தான் லேப்டாப். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால்தான் பலருக்குப் பணம் வீணாகிறது.

லேப்டாப்பில் இருக்கும் 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளையை இதில் கணக்கில் சேர்க்காதீர்கள். அது போன் ஹெட்செட்டுக்கானது. மேடை மைக்கின் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் இணைப்புக்கும், கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் 'ஃபேன்டம் பவரு'க்கும் அது உதவாது.

16 சேனலுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

இங்கேதான் விளம்பரங்கள் நம்மைக் குழப்புகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

தொழில்முறைப் பதிவு பெரும்பாலும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் நடக்கிறது. 24-ஐ 48,000-ஆல் பெருக்கினால் ஒரு சேனலுக்கு நொடிக்கு 11.52 லட்சம் பிட், அதாவது 1.15 மெகாபிட். 16 சேனலுக்கு சுமார் 18 மெகாபிட். 32 சேனலுக்கு சுமார் 37 மெகாபிட்.

2000-ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி 2.0-இன் அறிவிக்கப்பட்ட வேகமே நொடிக்கு 480 மெகாபிட். ஆக, 25 ஆண்டு பழைய இணைப்பே 32 சேனலைத் தாங்கும். 2012-இல் வந்த பெரிங்கர் எக்ஸ்32 மிக்சர் தன் யூஎஸ்பி அட்டை வழியாக 32 சேனலை அனுப்புவதும் யூஎஸ்பி 2.0-இல்தான்.

'இது 40 ஜிகாபிட் போர்ட் சார், ஆடியோ தெளிவா இருக்கும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போர்ட்டின் வேகம் கூடுவதால் குரலின் தரம் கூடாது.

ஒரே வடிவம், வேறு வேறு வேலை

2014-இல் அறிமுகமான யூஎஸ்பி-சி என்பது துளையின் வடிவத்துக்கான பெயர். உள்ளே எந்த இணைப்பு ஓடுகிறது என்பதை அந்த வடிவம் சொல்லாது. ஒரே மாதிரி தெரியும் சி துளைக்குள் இவற்றில் எதுவும் இருக்கலாம்:

• யூஎஸ்பி 2.0: நொடிக்கு 480 மெகாபிட்
• யூஎஸ்பி 3 வகைகள்: 5, 10 அல்லது 20 ஜிகாபிட்
• யூஎஸ்பி4: 20 அல்லது 40 ஜிகாபிட், புதிய பதிப்பில் இன்னும் அதிகம்
• தண்டர்போல்ட் 3 (2015), தண்டர்போல்ட் 4 (2020): 40 ஜிகாபிட்
• தண்டர்போல்ட் 5: 80 ஜிகாபிட்

ஒரே லேப்டாப்பில் இருக்கும் இரண்டு சி துளைகளில் ஒன்று தண்டர்போல்ட்டாகவும், மற்றொன்று வெறும் யூஎஸ்பியாகவும் இருப்பது சகஜம். துளைக்குப் பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் பொதுவாக அது தண்டர்போல்ட். ஆனால் குறியை மட்டும் நம்பாமல், அந்த மாடல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் தேடி, ஒவ்வொரு போர்ட்டுக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ஒரே பெயரில் விற்கப்படும் மாடல்களிலேயே போர்ட் மாறுவது உண்டு.

கேபிளிலும் இதே குழப்பம் உண்டு. போன் சார்ஜருடன் வரும் சி கேபிள்களில் பல யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு மேல் போகாது. ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு அது போதும். அதே கேபிளில் வெளி எஸ்எஸ்டியை மாட்டினால் வேகம் படுத்துவிடும். தண்டர்போல்ட் கருவிக்கு தண்டர்போல்ட் கேபிளே வேண்டும்.

அப்படியானால் தண்டர்போல்ட் யாருக்கு?

உங்கள் இன்டர்ஃபேஸ் தண்டர்போல்ட் வகையாக இருந்தால் மட்டும் அது கட்டாயம். யுனிவர்சல் ஆடியோவின் 'அப்போலோ எக்ஸ்' வரிசையில் உள்ள தண்டர்போல்ட் 3 கருவிகளை வெறும் யூஎஸ்பி-சி துளையில் செருகினால், பிளக் கச்சிதமாக உட்காரும், வேலை செய்யாது. அதே நிறுவனத்தின் 'அப்போலோ ட்வின் யூஎஸ்பி' மாடல் விண்டோஸுக்கு மட்டுமானது. செகண்ட்ஹேண்டில் வாங்குபவர்கள் பெட்டியின் பெயரில் இருக்கும் இந்த ஒரு சொல்லைக் கவனிக்காவிட்டால் மாட்டிக்கொள்வார்கள்.

இன்னொரு நுணுக்கம். யூஎஸ்பி4 உள்ள லேப்டாப்கள் எல்லாம் தண்டர்போல்ட் 3 கருவியை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தண்டர்போல்ட் 4 என்று அச்சிட்டிருந்தால் ஏற்கும்.

ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் போன்ற பரவலான யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்களை வைத்திருப்பவர்கள் தண்டர்போல்ட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பழைய ஃபயர்வயர் பெட்டி இருக்கிறதே, என்ன பண்ணலாம்?

2000-களில் ஸ்டுடியோக்களில் ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ்கள் கொடிகட்டிப் பறந்தன. இன்று அவை குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. ஆனால் புது லேப்டாப்களில் அந்தத் துளையே கிடையாது. ஃபயர்வயர் துளை இருந்த கடைசி மேக்புக் ப்ரோ 2012-இல் வந்த 13 அங்குல மாடல். பிறகு அடாப்டர் சங்கிலி போட்டு ஓட்டினார்கள். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோவில் ஃபயர்வயர் ஆதரவே நீக்கப்பட்டுவிட்டது.

அந்தப் பெட்டியை வைத்தே ஆக வேண்டும் என்றால், அதற்கு ஏற்ற பழைய கணினியை இணையத்தில் இணைக்காமல், அப்டேட் செய்யாமல் தனியாக வைத்திருங்கள். பழைய பெட்டிக்காகப் புது லேப்டாப்பைத் தேடுவது செலவு பிடித்த வழி.

மைக்செட்காரரின் மிக்சரோடு இணைப்பது எப்படி?

திருவிழா மேடையில் சொந்தமாக 16 மைக் வைக்க வேண்டிய அவசியமில்லை. டிஜிட்டல் மிக்சர் இருந்தால், ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் தனித்தனி டிராக்காக லேப்டாப்புக்கு எடுக்கலாம். பெரிங்கர் எக்ஸ்ஆர்18 ஒரே யூஎஸ்பி கேபிளில் 18 சேனல் கொடுக்கிறது. எக்ஸ்32 கொடுப்பது 32.

இவற்றின் யூஎஸ்பி துளை பிரிண்டரில் இருப்பது போன்ற சதுர வடிவம், அதாவது 'பி' வகை. உங்கள் லேப்டாப்பில் சி துளை மட்டும் இருந்தால், பி-யில் இருந்து சி-க்குப் போகும் கேபிளைப் பையில் வையுங்கள், கூடவே இன்னொன்றையும். இரவு 10 மணிக்குக் காரோட்டில் ஒரு கோயில் வளாகத்தில் நின்றுகொண்டு அந்தக் கேபிளைத் தேட முடியாது.

பெரிய மேடைகளில் 'டான்டே' என்ற முறை புழங்குகிறது. ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனம் உருவாக்கிய இதில் ஒலி நெட்வொர்க் கேபிளில் பயணிக்கிறது. 'டான்டே விர்ச்சுவல் சவுண்ட்கார்டு' என்ற கட்டண மென்பொருளை நிறுவினால் லேப்டாப்பால் 64 சேனல் வரை பெற முடியும். இதற்கு வைஃபை சரிப்படாது. லேப்டாப்பிலேயே ஆர்ஜே45 எனப்படும் கிகாபிட் நெட்வொர்க் துளை இருப்பது நல்லது. மெல்லிய லேப்டாப்களில் இந்தத் துளை காணாமல் போய்விட்டது. எனவே பெரிய மேடைகளைக் குறிவைப்பவர்கள் கொஞ்சம் தடிமனான மாடலைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

தாமதம் என்கிறார்களே, அது என்ன?

பாடும் குரல் மைக்கில் நுழைந்து, லேப்டாப்பில் கணக்கிடப்பட்டு, ஹெட்போனில் திரும்பிக் கேட்க ஆகும் நேரம்தான் லேட்டன்சி. இதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மென்பொருளில் நீங்கள் வைக்கும் 'பஃபர்' அளவு. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.7 மில்லிநொடி. 256 என்றால் 5.3. 1024 என்றால் 21. உள்ளே வரவும் வெளியே போகவும் சேர்த்தால் இது இரட்டிப்பாகும். அதற்கு மேல் கருவியின் சொந்தத் தாமதமும் சேரும்.

காற்றில் ஒலி 1 மில்லிநொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். 10 மில்லிநொடித் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்பது போல. அதுவரை பெரும்பாலானவர்களால் சமாளிக்க முடியும். 40 மில்லிநொடி ஆனால் தாளம் தடுமாறும்.

கொடை இரவில் பதிவு மட்டும் செய்கிறீர்கள் என்றால் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. பஃபரை 1024-இல் வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். ஸ்டுடியோவில் ஹெட்போன் போட்டுப் பாட வைக்கும்போதுதான் இது முக்கியம். அங்கேயும் 'டைரக்ட் மானிட்டர்' வசதி உள்ள இன்டர்ஃபேஸ் இருந்தால், குரல் லேப்டாப்புக்குள் போகாமலே ஹெட்போனுக்கு வந்துவிடும். ப்ளூடூத் ஹெட்போனைப் பதிவின்போது பயன்படுத்தவே வேண்டாம்.

விண்டோஸா, மேக்கா?

இரண்டிலும் தொழில்முறை வேலை நடக்கிறது. லாஜிக் ப்ரோ மேக்கில் மட்டும் ஓடும். கியூபேஸ், ப்ரோ டூல்ஸ், ஏபிள்டன் லைவ், ரீப்பர் இரண்டிலும் ஓடும். நீங்கள் சேர்ந்து வேலை செய்யும் ஸ்டுடியோ எதைப் பயன்படுத்துகிறதோ அதையே எடுப்பது எளிது.

மேக்கில் ஆடியோ அமைப்பு உள்ளேயே இருக்கிறது. பல இன்டர்ஃபேஸ்கள் செருகியதும் வேலை செய்யும். விண்டோஸில் அந்தந்த நிறுவனத்தின் 'ஆசியோ' டிரைவரை நிறுவ வேண்டும். இது ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1990-களில் உருவாக்கிய முறை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்கள் நீண்ட பேட்டரியோடு கவர்ச்சியாக இருக்கின்றன. சாதாரண மென்பொருள்களை அவை மொழிபெயர்த்து ஓட்டிவிடும். டிரைவர்களை அப்படி ஓட்ட முடியாது. அந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்ட டிரைவர் வேண்டும். உங்கள் இன்டர்ஃபேஸுக்கு அது இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். 2020-க்குப் பிறகு வந்த எம் வரிசை மேக்களிலும், பழைய இன்டர்ஃபேஸ்களுக்குப் புது டிரைவர் வராமல் போன உதாரணங்கள் உண்டு.

கரண்ட், எர்த், 'ம்ம்ம்' என்ற இரைச்சல்

யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸ்களுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. சாதாரண யூஎஸ்பி 2.0 துளை தருவது 2.5 வாட், யூஎஸ்பி 3.0 தருவது 4.5 வாட். ஒரு கண்டென்சர் மைக் 48 வோல்ட்டில் 10 மில்லிஆம்பியர் வரை, அதாவது கிட்டத்தட்ட அரை வாட் எடுக்கலாம். நான்கு மைக் மாட்டினால் 2 வாட். மிச்சம் இருப்பதில் இன்டர்ஃபேஸ் ஓட வேண்டும். பதிவின் நடுவில் இணைப்பு அறுந்து போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நான்கு மைக்குக்கு மேல் என்றால் தனி அடாப்டர் உள்ள இன்டர்ஃபேஸே நல்லது.

அடுத்தது இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத இடங்களிலும், ஜெனரேட்டரில் ஓடும் பந்தல்களிலும் அந்த 50, 100 ஹெர்ட்ஸ் முனகல் பதிவில் ஏறிவிடும். சோதிக்க எளிய வழி: லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். முனகல் நின்றால் காரணம் சார்ஜர் வழியாக வரும் மின்சாரம். மூன்று மணி நேரமாவது பேட்டரியில் ஓடும் லேப்டாப் இருந்தால் பதிவையே பேட்டரியில் முடித்துவிடலாம். இரவு முழுக்க நடக்கும் நிகழ்ச்சிக்கு, லேப்டாப்பையும் மிக்சரையும் ஒரே பிளக் பாயின்ட்டில் இருந்து எடுங்கள். மிக்சரில் இருந்து கேபிளில் ஒலி எடுக்கும்போது கிரவுண்ட் லிஃப்ட் உள்ள டிஐ பாக்ஸ் போடுங்கள்.

இரைச்சலை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதோ, அதில் டேப் சுற்றுவதோ கூடாது. மழை ஈரத்தில் மைக்கைப் பிடித்துப் பாடுபவரின் உயிருக்கு அந்தப் பின்தான் காவல்.

ஸ்டோரேஜும் ரேமும்

மேலே போட்ட கணக்கின்படி ஒரு சேனல் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 518 எம்பி. 8 சேனல் வில்லுப்பாட்டு 6 மணி நேரம் நடந்தால் 25 ஜிபி. 16 சேனல் என்றால் 50 ஜிபி. அதனால் 512 ஜிபி எஸ்எஸ்டி குறைந்தபட்சம். பதிவு முடிந்ததும் வெளி எஸ்எஸ்டி ஒன்றில் பிரதி எடுத்துவிடுங்கள். அதற்கும் ஒரு துளை வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளராது. ஒற்றை டிராக்காக 8 மணி நேரம் தாங்கும். ஸ்டீரியோவாகப் பதிந்தால் 4 மணி நேரத்திலேயே வரம்பு வந்துவிடும். விடிய விடியப் பதிவு செய்பவர்கள், தங்கள் மென்பொருள் அந்த இடத்தில் கோப்பைத் தானாகப் பிரிக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

பதிவுக்கு 8 ஜிபி ரேம் போதும். மிக்சிங்குக்கும், சாம்பிள் லைப்ரரிகளுக்கும் 16 ஜிபி வேண்டும், முடிந்தால் 32. மேக்கிலும் பல மெல்லிய விண்டோஸ் லேப்டாப்களிலும் ரேமைப் பின்னர் கூட்ட முடியாது.

எத்தனை துளை, எந்தக் கடை?

இன்டர்ஃபேஸ், வெளி எஸ்எஸ்டி, கீபோர்டு அல்லது மவுஸ், சார்ஜர். சில மென்பொருள்களுக்கு லைசென்ஸ் 'டாங்கிள்'. குறைந்தது நான்கு இணைப்பு. மேக்புக் ஏர் போன்றவற்றில் இருக்கும் இரண்டு சி துளை போதாது, ஹப் வேண்டிவரும். ஹப் வாங்கினால் தனி மின்சாரம் உள்ளதை வாங்குங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸை மட்டும் ஹப்பில் மாட்டாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள்.

திருவனந்தபுரம் போவதா, நாகர்கோவில் போவதா என்பது இந்தப் பகுதியில் வழக்கமான கேள்வி. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு லேப்டாப்புக்கு இரு மாநிலத்திலும் 18% வரிதான். வரிக்காக எல்லை தாண்டுவதில் லாபமில்லை. சர்வீஸ் சென்டர் எந்த நகரத்தில் பக்கம், கடைக்காரர் உங்கள் இன்டர்ஃபேஸை மாட்டிப் பார்க்க விடுவாரா என்பதை வைத்து முடிவெடுங்கள். ஸ்டுடியோவுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால், அந்த எண்ணைப் பில்லில் போடச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது இவற்றைச் செய்யுங்கள்:

• உங்கள் இன்டர்ஃபேஸ், கேபிள், ஒரு மைக் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.
• எல்லாத் துளையிலும் செருகிப் பாருங்கள். சில துளையில் மட்டும் ஓடலாம்.
• 15 நிமிடம் இடைவிடாமல் பதிவு செய்து, ஹெட்போனில் 'டிக்' சத்தம் இருக்கிறதா என்று கேளுங்கள்.
• விண்டோஸ் என்றால் 'லேட்டன்சிமான்' என்ற இலவசச் செயலியை ஓட்டுங்கள். வைஃபை டிரைவர் ஒலியைத் தடுக்கிறதா என்று அது காட்டும்.
• மின்விசிறியின் சத்தத்தைக் கவனியுங்கள். ஒரே அறையில் மைக்கும் லேப்டாப்பும் இருந்தால் அதுவும் பதிவாகும்.
• ஒத்துவரவில்லை என்றால் எத்தனை நாளில் திருப்பித் தரலாம் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

வாங்கிய பிறகு, கொடைக்கு ஒரு வாரம் முன்பு மொத்த இணைப்பையும் வீட்டில் போட்டு, நிகழ்ச்சி எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஓட விடுங்கள். விண்டோஸ் அப்டேட்டையும் ஸ்லீப்பையும் நிறுத்தி வையுங்கள். அந்த ஒத்திகையில் ஏதாவது நின்றுபோனால் சரிசெய்ய ஒரு வாரம் இருக்கும். மேடையில் புலவர் பாட ஆரம்பித்துவிட்டால் அந்த அவகாசம் கிடைக்காது.